திட்டம் ஒரு பள்ளியில், பிள்ளை வேறொரு பள்ளியில்

அமெரிக்காவில் ‘மாற்றுப் பள்ளி’க்கு அனுப்பப்படும் சிறப்புக் கல்வி மாணவர்கள்: சட்டம் தரும் உரிமையும் வகுப்பறையில் தேய்ந்துபோகும் உதவியும்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘ஐ.இ.பி.’ என்று ஓர் ஆவணம் உண்டு. அந்த ஒரு பிள்ளைக்காகவே எழுதப்படும் கல்வித் திட்டம் அது. பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிர்வாகத்தின் பிரதிநிதி எல்லோரும் கூடி உட்கார்ந்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பக்கம் பக்கமாக ஓடும் அந்த ஆவணத்தில் உயிரான பகுதி, சேவைகளைக் கணக்கிட்டுக் காட்டும் பகுதிதான். வாரத்துக்கு எத்தனை நிமிடம் வாசிப்புப் பயிற்சி, எத்தனை நிமிடம் ஸ்பீச் தெரபி, எத்தனை நிமிடம் கவுன்சலிங், தனி அறையிலா, பொது வகுப்பிலேயா என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். ‘உங்கள் பிள்ளைக்கு உதவுகிறோம்’ என்ற வாக்குறுதி நிமிடக் கணக்காக மாறும் இடம் அது.

அந்தப் பிள்ளை பள்ளியில் பெரிய சண்டை ஒன்றில் மாட்டிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம் அவனை மாற்றுப் பள்ளிக்கு அனுப்புகிறது. மறுபடியும் கூட்டம், மறுபடியும் அதே பக்கம். தினமும் ஒரு பாடவேளை சிறப்பாசிரியரோடு என்று இருந்தது, வாரத்துக்கு அரைமணி நேர ‘ஆலோசனை’ என்று சுருங்குகிறது. கவுன்சலிங் ‘தேவைப்படும்போது’ என்றாகிறது. பையனின் வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா ஒரே வாரத்தில் குணமாகிவிட்டதா? இல்லை. புதிய பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், அதுதான் காரணம். செருப்புக்கு ஏற்றபடி காலைச் செதுக்குகிற இந்த வேலைதான், மாற்றுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வியைப் பற்றிப் பெற்றோரும் மாற்றுத்திறனாளி உரிமை வழக்கறிஞர்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. சட்டப்படி வரிசை நேர்மாறானது. முதலில் பிள்ளையின் தேவை, அதிலிருந்து திட்டம், அந்தத் திட்டத்தை நிறைவேற்றக்கூடிய இடம் கடைசியில்.

நம் ஊரில் மாற்றுப் பள்ளி என்றால் மரத்தடி வகுப்பும் தேர்வு பயமற்ற கல்வியும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தப் பெயர் பெரும்பாலும் வேறு வகைப் பள்ளிகளைக் குறிக்கிறது. வழக்கமான பள்ளியில் தேறாதவர்கள், அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள், இடைநிற்கும் நிலையில் இருப்பவர்கள் படிக்கும் இடம். கலிஃபோர்னியாவின் ‘தொடர்நிலை’ப் பள்ளிகளுக்கு 1919-லிருந்தே வரலாறு உண்டு. வேலைக்குப் போகும் பதின்வயதினருக்காகத் தொடங்கியவை அவை. டெக்சாஸில் 1995-ல் கல்விச் சட்டத்தின் 37-ஆம் அத்தியாயம், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களுக்கென்றே தனி மாற்றுக் கல்வித் திட்டங்களைக் கட்டாயமாக்கியது. ‘டேப்’ என்று அதை அங்கே சுருக்கமாகச் சொல்கிறார்கள். அங்கே அனுப்பப்பட்ட மாணவர்களை மற்ற மாணவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பதும், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றோடு ‘சுயகட்டுப்பாடு’ கற்பிக்க வேண்டும் என்பதும் சட்ட வாசகத்திலேயே இருக்கின்றன.

இந்தப் பள்ளிகளுக்குள் போய்ச் சேர்பவர்கள் யார்? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018-ல் வெளியிட்ட அறிக்கை 2013-14 கல்வியாண்டை ஆராய்ந்தது. மாற்றுத்திறன் மாணவர்கள் மொத்த மாணவர்களில் ஏறத்தாழ 12 சதவீதம். ஆனால் சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களிலும், போலீஸிடம் அனுப்பப்பட்டவர்களிலும் அவர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. மறு ஆண்டு அதே அமைப்பு மாற்றுப் பள்ளிகளைத் தனியே பார்த்தது. மற்ற பள்ளிகளில் 8 சதவீதமாக இருக்கும் கறுப்பினச் சிறுவர்கள் மாற்றுப் பள்ளிகளில் 16 சதவீதமாக இருந்தார்கள். இனமும் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேரும்போது மாற்றுப் பள்ளியின் கதவு இன்னும் சுலபமாகத் திறக்கிறது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு ‘அந்தப் பிள்ளைகள் அப்படித்தான்’ என்று சொல்வது சோம்பேறித்தனம். எழுதப்பட்ட உதவி கிடைக்காத பிள்ளை வகுப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘பணம் இல்லை’ என்று சொல்ல முடியாது

வாஷிங்டன் நகரில் 1971-ல், நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை ‘நடத்தைச் சிக்கல்’ என்று சொல்லிப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். முறையான விசாரணை இல்லை, மாற்று ஏற்பாடும் இல்லை. அவன் பெயரால் அறியப்படும் மில்ஸ் வழக்கில் அவனோடு சேர்த்து ஏழு பிள்ளைகள். மாவட்டம் சொன்ன பதில், போதிய பணம் இல்லை என்பது. நீதிபதி ஜோசப் வாடி 1972-ல் அதை ஏற்கவில்லை. நிதிப் பற்றாக்குறை இருந்தால் அதன் சுமை எல்லாப் பிள்ளைகள் மீதும் விழட்டும், குறைபாடுள்ள பிள்ளை மீது மட்டும் கூடுதலாக விழக் கூடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1975 நவம்பர் 29 அன்று, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான், மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான இன்றைய ‘ஐடியா’ சட்டத்தின் மூலம். அப்போது பத்து லட்சம் மாற்றுத்திறன் குழந்தைகள் அரசுப் பள்ளிகளிலிருந்து முழுமையாக விலக்கப்பட்டிருந்தார்கள் என்று நாடாளுமன்றமே சட்ட வாசகத்தில் பதிவு செய்தது. இன்று, 2022-23 கணக்குப்படி, 75 லட்சம் பேர், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம், இச்சட்டத்தின் கீழ் உதவி பெறுகிறார்கள்.

சட்டம் வந்தபின்னும் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது: பிள்ளை ஆபத்தாக நடந்துகொண்டால்? அதற்கு விடை சொன்னது 1988-ன் ஹோனிக் வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில், உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ளவன் என்று அடையாளம் காணப்பட்ட 17 வயது இளைஞன், தன்னைச் சீண்டிய சக மாணவனின் கழுத்தை நெரித்தான். அழைத்துப் போகும் வழியில் ஜன்னல் கண்ணாடியையும் உதைத்து உடைத்தான். மாவட்டம் அவனைக் காலவரையின்றி நிறுத்தி வைத்து, நீக்கும் வேலையையும் தொடங்கியது. அவனுடைய ஐ.இ.பி.யில் குறிக்கோளாக எழுதப்பட்டிருந்ததோ, எரிச்சலூட்டும் சூழலைத் தாக்குதலில் இறங்காமல் சமாளிக்கப் பழக்க வேண்டும் என்பதுதான். எதைக் கற்றுத் தருவதாகப் பள்ளி எழுத்தில் ஒப்புக்கொண்டதோ, அதையே கற்கவில்லை என்று அவனைத் தண்டிக்கப் பார்த்தார்கள். நீதிபதி பிரென்னன் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆபத்தானவன் என்ற ஒற்றைக் காரணத்தால் பள்ளி தன்னிச்சையாகப் பிள்ளையை வெளியேற்ற முடியாது என்றது. பத்து நாள் சஸ்பென்ஷன் வரை சரி, அதற்கு மேல் என்றால் பெற்றோர் சம்மதம் அல்லது நீதிமன்றம்.

1997-லும் 2004-லும் நாடாளுமன்றம் இந்த விதிகளை விரித்து எழுதியது. இன்று நடைமுறையில் இருப்பது இதுதான். ஒரு கல்வியாண்டில் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் வெளியே நிறுத்தினால், அதன் பிறகு சேவை தொடங்கியாக வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையாகப் பிள்ளையின் இடத்தையே மாற்ற முடிவெடுத்தால், பத்துப் பள்ளி நாட்களுக்குள் ஒரு கூட்டம் கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நடந்த செயல் பிள்ளையின் குறைபாட்டால் விளைந்ததா, அல்லது அதோடு நேரடியான, கணிசமான தொடர்பு உடையதா? பள்ளி ஐ.இ.பி.யை நிறைவேற்றத் தவறியதன் நேர் விளைவா? இரண்டில் எதற்கு ‘ஆம்’ வந்தாலும், பிள்ளை பொதுவாகப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அவன் ஏன் அப்படி நடந்தான் என்று ஆராய்ந்து, நடத்தைக்கான உதவித் திட்டம் தயாரிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. பிள்ளையைப் பார்த்து நீட்டிய விரலை அது பள்ளியின் பக்கம் திருப்புகிறது. எழுதிய கவுன்சலிங்கைக் கொடுத்தீர்களா? வாசிப்புப் பயிற்சி நடந்ததா? தேதிவாரியான பதிவு எங்கே? நடைமுறையில் இந்தக் கேள்வியை விரைவாகக் கடந்துவிடுவது எளிது. பள்ளிப் பக்கம் பலர், பெற்றோர் பக்கம் ஒருவரோ இருவரோ. சேவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தெரியாவிட்டால், படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்து கூட்டம் முடிந்துவிடும்.

ஆயுதம், போதைப்பொருள், கடுமையான உடற்காயம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் விதி வேறு. குறைபாடுதான் காரணம் என்றாலும், பள்ளி 45 பள்ளி நாட்கள் வரை பிள்ளையை இடைக்கால மாற்று இடத்துக்கு அனுப்பலாம். மற்ற மாணவர்களின் பாதுகாப்பும் பள்ளியின் பொறுப்பு, அதனால் இந்த விதிவிலக்கை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அனுப்பும் இடத்திலும் பொதுப் பாடத்திட்டத்தில் பங்கேற்கவும், ஐ.இ.பி. குறிக்கோள்களை நோக்கி முன்னேறவும் வழி இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குறைபாட்டுக்கும் செயலுக்கும் தொடர்பில்லை என்று முடிவான பிள்ளைக்கும் இது பொருந்தும். பள்ளியை விட்டே நீக்கினாலும் சேவை நிற்கக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது

காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, பிறகு எங்கே உடைகிறது? பெரும்பாலும் மிகச் சாதாரணமான இடங்களில். பிள்ளை திங்கள்கிழமை மாற்றுப் பள்ளிக்கு வந்துவிடுவான், அவன் ஆவணம் பின்னால்தான் வரும். அதுவரை அவனுக்கு டிஸ்லெக்சியா இருப்பதே புதிய ஆசிரியருக்குத் தெரியாது. தினமும் ஒரு புது முகம் வரும், ஒரு பழைய முகம் கிளம்பும். நாற்பத்தைந்து நாளில் போய்விடும் பிள்ளைக்காக நீண்ட காலத் திட்டம் போட யாருக்கும் கை வருவதில்லை. சிறப்பாசிரியர் தட்டுப்பாடு எல்லாப் பள்ளிக்கும் உண்டு. தட்டுப்பாடு வரும்போது மாவட்டம் கடைசியாக நிரப்பும் இடம் எது என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. சிறிய பள்ளி என்பதால் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் மனநல ஆலோசகரும் பல பள்ளிகளுக்குப் பொதுவானவர்களாக இருப்பார்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளை வரவில்லை என்றால் அந்த வாரம் போச்சு.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது கணினித் திரை. விட்டுப்போன பாடங்களை மென்பொருள் வழியாக முடித்து மதிப்பெண் சேர்க்கும் முறை மாற்றுப் பள்ளிகளில் பரவலானது. தானாகப் படிக்கத் தெரிந்த, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் 18 வயது மாணவிக்கு அது வரப்பிரசாதம். வாசிப்பதே சிக்கலாக உள்ள பையனுக்கு, பத்தி பத்தியாக எழுத்து நிறைந்த திரைக்கு முன் நாள் முழுதும் உட்காருவது கற்றலே அல்ல. சந்தேகம் வந்தால் கையைத் தூக்கலாம், மேற்பார்வையாளர் வருவார். ஆனால் வாசிக்கக் கற்றுத் தரும் பயிற்சி அவருக்கு இருக்காது.

இதன் உச்சமான எடுத்துக்காட்டு ஜார்ஜியா. 1970-ல் ஏதென்ஸ் நகரின் ரட்லண்ட் மையத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய முயற்சி, மாநிலம் முழுக்க 24 வட்டாரத் திட்டங்களாக வளர்ந்தது. உணர்ச்சி, நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து பிரித்துக் கற்பிக்கும் இந்த அமைப்பை ‘ஜிநெட்ஸ்’ என்கிறார்கள். அமெரிக்க நீதித்துறை பல ஆண்டுகள் விசாரித்து 2015 ஜூலையில் தன் முடிவுகளை அனுப்பியது. சில மையங்களில் நூலகம் இல்லை, உடற்பயிற்சிக் கூடம் இல்லை, அறிவியல் ஆய்வகம் இல்லை, விளையாட்டு மைதானம் இல்லை. பாடத்துக்குப் பெரிதும் கணினியையே நம்பியிருந்தார்கள். சில மையங்கள் இருந்த கட்டடங்கள், இனப் பிரிவினைக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகள். தேவையின்றிப் பிரித்து வைப்பதே பாகுபாடு என்று 2016 ஆகஸ்டில் மத்திய அரசு மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஜார்ஜியா குற்றச்சாட்டுகளை எதிர்த்து வாதாடியது. மாற்றுத்திறனாளிகளைத் தேவையின்றி நிறுவனங்களுக்குள் அடைப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சொன்ன ஓல்ம்ஸ்டெட் தீர்ப்பும் இதே ஜார்ஜியாவிலிருந்து போன வழக்குதான்.

டெக்சாஸில் சிக்கல் வேறொரு முனையில் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கான மாற்றுப் பள்ளிக்குச் சிறப்புக் கல்வி மாணவரை அனுப்பும் முடிவை, அங்கே ‘ஏ.ஆர்.டி.’ எனப்படும் ஐ.இ.பி. குழுதான் எடுக்க முடியும். அங்கு சிறப்புக் கல்வி கற்பிப்பவர் உரிய சான்றிதழ் பெற்றிருக்கவும் வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அந்தப் பாதுகாப்பு, சிறப்புக் கல்விக்கு உரியவர் என்று அடையாளம் காணப்பட்ட பிள்ளைக்குத்தான். 2004-ல் மாநிலக் கல்வித்துறை, ஒரு மாவட்டத்தின் மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அதைக் குறையாகக் கணக்கிடும் அளவுகோலைக் கொண்டுவந்தது. மாவட்டங்கள் கையை இறுக்கின. 2016-ல் ‘ஹூஸ்டன் கிரானிக்கிள்’ நாளிதழ் இதைத் தொடர் கட்டுரைகளாக வெளிக்கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. நடுவில் போன ஆண்டுகளில் உதவி மறுக்கப்பட்டு, பெயர் இல்லாத குறைபாட்டோடு, வெறும் ‘அடங்காத பையன்’ என்ற முத்திரையோடு மாற்றுப் பள்ளிக் கதவைத் தாண்டிய பிள்ளைகளை எந்தப் பட்டியலில் தேடுவது?

பணமும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. 1975-ல் மத்திய அரசு, ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை ஒவ்வொரு சிறப்புக் கல்வி மாணவருக்கும் தருவதாகச் சொன்னது. அண்மை ஆண்டுகளில் தருவது 15 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. மிச்சம் மாநிலத்தின், உள்ளூர் மாவட்டத்தின் தலையில். ஆனால் நீதிபதி வாடி 1972-லேயே மூடிவிட்ட வாதத்தை இன்று வேறு சொற்களில் திறப்பதை ஏற்க முடியாது.

பிள்ளையோடு நடக்கும் மனிதர்

செய்ய முடியாத வேலை இல்லை இது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் 1990-களின் தொடக்கத்தில் மினியாபோலிஸ் பள்ளிகளோடு சேர்ந்து ‘செக் அண்ட் கனெக்ட்’ என்ற முறையை உருவாக்கினார்கள். கற்றல் குறைபாடும் உணர்ச்சிச் சிக்கலும் உள்ள, இடையில் நின்றுவிடக்கூடிய நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கியது. ஒரு வழிகாட்டி, ஒரு மாணவரோடு குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருப்பார். வருகை, மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை மூன்றையும் தொடர்ந்து கவனிப்பார், வீட்டோடும் பேசிக்கொண்டிருப்பார். மாணவர் வேறு பள்ளிக்கு மாறினாலும் வழிகாட்டி மாறமாட்டார். நான் மேலே சொன்ன முக்கால்வாசிச் சிக்கலுக்கு இந்த ஒரு ஏற்பாடு மருந்து. ஆவணம் வந்து சேர வாரங்கள் ஆகலாம், ஆனால் அந்தப் பையனுக்கு எது எரிச்சலூட்டும், எந்த நேரத்தில் ஐந்து நிமிடம் வெளியே நடக்கவிட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் முதல் நாளே கூட இருப்பார். 45 நாள் முடிந்து பழைய பள்ளிக்குத் திரும்பும்போதும் அவரே கூட வருவார். திரும்பிவரும் நாளைத் திட்டமிடாத பள்ளிகளில்தான், போன பிள்ளை சில வாரங்களில் மறுபடியும் அனுப்பப்படுகிறான்.

இந்தியாவோடு ஒப்பிடும்போது ஒன்று சொல்ல வேண்டும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அடுத்த நிலையில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-ல் வகுத்தது. ஆனால் பிள்ளையின் நடத்தைக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று பள்ளி கூடிப் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் மத்தியச் சட்டங்களில் இல்லை. ‘வேற ஸ்கூல் பாருங்க’ என்று டி.சி.யை நீட்டும் தனியார் பள்ளியிடம் கேட்பதற்கு அந்த இரண்டு கேள்விகளும் இங்கேயும் தேவை.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பள்ளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போடுவதும், பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று மறைப்பதும் நம்மிடையே உண்டு. ஐ.இ.பி. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்பது பெற்றோரின் உரிமை. தமிழ்தான் வரும் என்றால் தமிழுக்கே ஏற்பாடு செய்யச் சொல்லலாம். ‘இன்று கொஞ்சம் சீக்கிரம் வந்து அழைத்துப் போங்கள்’ என்று அடிக்கடி போன் வந்தால், அதுவும் வெளியேற்றமாகக் கணக்கில் வரலாம் என்று மத்தியக் கல்வித்துறை 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தத் தேதிகளைக் குறித்து வையுங்கள். மாற்றுப் பள்ளிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னால், இப்போதைய நிமிடக் கணக்கை யார், எந்தெந்த நாளில், என்ன சான்றிதழோடு கொடுக்கப்போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மாநிலக் கல்வித்துறையிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் அது பொதுவாக 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இன்னும் சோதனை செய்யப்படாத, ஆனால் உங்கள் மனதில் சந்தேகம் இருக்கிற பிள்ளைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. சிறப்புக் கல்வி தேவைப்படலாம் என்ற கவலையைப் பெற்றோர் முன்பே ஆசிரியரிடமோ நிர்வாகத்திடமோ எழுத்தில் தெரிவித்திருந்தால், அல்லது மதிப்பீடு செய்யக் கேட்டிருந்தால், ஒழுங்கு நடவடிக்கையின்போது அந்தப் பிள்ளையும் இதே பாதுகாப்பைக் கோரலாம். ஆசிரியரிடம் வாசலில் நின்று பேசியது கணக்கில் வராது. இரண்டு வரி மின்னஞ்சல் போதும், அதன் தேதி சம்பவத்துக்கு முந்தையதாக இருக்க வேண்டும்.